பிளஸ் டூ முடிக்கும் முன்பே கல்லூரிப் பாடம் படிக்கலாமா? பெற்றோருக்கு ஒரு விளக்கம்



பூலாம்பாடி, லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற நமதூர்களில் அத்தா வெளிநாட்டில் உழைக்க, அம்மா தனியாகப் பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கும் வீடுகள் உண்டு. "பிளஸ் டூ படிக்கும்போதே டிகிரியையும் முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், அதில் எது உண்மை, எது வெறும் விளம்பரம் என்று பிரித்தறிவது அவர்களுக்குச் சிரமம். அதைத் தெளிவுபடுத்தவே இக்கட்டுரை.

வயதா, தகுதியா?

உமர் (ரலி) அவர்கள் தமது ஆலோசனை சபையில் பத்ருப் போரில் கலந்துகொண்ட மூத்த ஸஹாபாக்களுடன் இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களையும் அமர வைத்தார்கள். எங்களுக்கும் இவர் வயதில் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று சிலர் கேட்டபோது, நஸ்ர் அத்தியாயத்தின் பொருளை அனைவரிடமும் கேட்டார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) சொன்ன விளக்கமே அவரது இடத்தை உறுதிப்படுத்தியது. இச்சம்பவம் புகாரியில் இடம்பெற்றுள்ளது. இளமை தடையில்லை, ஆனால் தகுதி சோதிக்கப்பட வேண்டும் என்பது இதில் நமக்குள்ள பாடம்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரப் பாடங்களைப் படித்துத் தேர்வெழுதும் ஏ.பி. திட்டத்தைக் காலேஜ் போர்டு 1955 முதல் நடத்தி வருகிறது. நல்ல மதிப்பெண் பெற்றால் பல பல்கலைக்கழகங்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் இப்படியொரு ஏற்பாடு இல்லை. ஆனாலும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு நேரான வழிகள் உள்ளன.

1. என்.பி.டி.இ.எல். பாடங்கள்

ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் இணைந்து 2003-ல் தொடங்கிய திட்டம் இது. இதன் பாடங்கள் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் கிடைக்கின்றன. 4, 8, 12 வாரப் பாடங்கள் உண்டு. ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். வயது வரம்பு இல்லை. படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் ஒரு பாடத்திற்கு 1000 ரூபாய் தேர்வுக் கட்டணம் செலுத்தி, குறிப்பிட்ட நகரங்களிலுள்ள மையத்தில் நேரில் எழுத வேண்டும். வாராந்திரப் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். தேற முறையே 10-ம் 30-ம் தேவை.

இச்சான்றிதழ் பட்டம் ஆகாது. பிற்காலத்தில் சேரும் கல்லூரி இதைக் கணக்கில் எடுக்குமா என்பது அக்கல்லூரியின் முடிவு. பிள்ளைக்கு அந்தத் துறை ஒத்துவருமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதே இதன் பெரிய பயன்.

2. சென்னை ஐ.ஐ.டி.யின் பி.எஸ். படிப்பு

2020-ல் அறிமுகமான இணையவழி டேட்டா சயின்ஸ் படிப்பு இது. ஜே.இ.இ. தேவையில்லை. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் சேரலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். பிளஸ் ஒன் இறுதித் தேர்வு எழுதியவர்களே தகுதித் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். நான்கு வாரம் ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை ஆகியவற்றைப் படித்து, பின் நேரில் தேர்வெழுத வேண்டும். தேறினாலும் பிளஸ் டூ முடித்த பிறகே படிப்பு தொடங்கும்.

குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை சமூகத்தினர் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் உள்ளனர். ஆனால் மாநிலத்தின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சான்று வேறு, மத்திய ஓ.பி.சி. (கிரீமி லேயர் அல்லாதோர்) சான்று வேறு. இரண்டாவதையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாறாதீர்கள்

பிளஸ் டூ முடிக்காமலே திறந்தநிலைப் பட்டம் வாங்கித் தருவதாகச் சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அல்லது அதற்கு இணையான படிப்பு, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருப்பதைத்தான் தமிழ்நாடு அரசுப் பணிகள் கேட்கின்றன. வரிசை மாறினால், செலவழித்த பணமும் காலமும் வீணாகி, டி.என்.பி.எஸ்.சி. வாசலில் பிள்ளை திரும்பி வர நேரிடும். ஒரே நேரத்தில் இரு பட்டப்படிப்பு படிக்க 2022-ல் யு.ஜி.சி. அனுமதித்தது உண்மை. ஆனால் அது பள்ளியை முடித்தவர்களுக்கானது.

நம் ஆலோசனை

நம் மாநிலத்தில் பொறியியல் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது. கூடுதல் பாடம் அந்த மதிப்பெண்ணைக் குறைக்குமானால் அது லாபமல்ல, நஷ்டம். எனவே பிளஸ் ஒன்னில் ஒரேயொரு 4 அல்லது 8 வாரப் பாடத்தில் தொடங்குங்கள். தொழுகையும் குர்ஆன் ஓதும் நேரமும் தூக்கமும் குறையாதபடி அட்டவணை போடுங்கள். பள்ளி மதிப்பெண் சரிந்தால் தயங்காமல் நிறுத்திவிடுங்கள்.

பெண்பிள்ளைகளுக்குப் பாடம் வீட்டிலிருந்தபடியே கிடைக்கிறது. தேர்வு நாளில் மட்டும் மையத்திற்குச் சென்றுவர வேண்டும். அந்த ஒருநாள் பயணத்திற்காக அவர்களின் வாய்ப்பைத் தடுத்துவிடாதீர்கள். துணைக்கு ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைகளை ஒன்றாக அழைத்துச் செல்ல மஹல்லா ஜமாஅத்துகள் முன்வந்தால் அது பெரும் உதவி.

பயனுள்ள கல்வியை நம் சந்ததிகளுக்கு வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.