சின்னமனூர்ச் செப்பேடும் முடியிழந்த பாண்டியனும்

கடமலைக்குண்டின் வழியே பாயும் வையையும் சின்னமனூரைத் தழுவிவரும் சுருளியாறும் ஒன்றாகி மதுரை நோக்கிச் செல்கின்றன. இவ்வாற்றுநாடு நமக்களித்த பெருஞ்சான்று சின்னமனூர்ப் பெரிய செப்பேடாகும். அதனை வழங்கியவன் முற்காலப் பாண்டியருள் இறுதி வேந்தனான மூன்றாம் இராசசிம்மன்.

பராந்தக வீரநாராயணனுக்கும் சேரர்குல வானவன்மாதேவிக்கும் மகனான இவன், ஏறத்தாழக் கி.பி. 900-இல் அரியணை ஏறினான். 907-இல் முடிசூடிய முதற் பராந்தக சோழனோ, தன் 3-ஆம் ஆட்சியாண்டிலேயே 'மதுரை கொண்டவன்' எனச் சிறப்பிக்கப் பெறுகின்றான். அதுகொண்டு பாண்டியராட்சி அன்றே முடிந்ததெனத் துணிதல் பொருந்துமோ? பொருந்தாது என்போம். செப்பேடு இராசசிம்மனின் 16-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 916-ஐ ஒட்டி, பொறிக்கப்பெற்றது. சோழன் அப்பட்டம் புனைந்த பின்னும் பாண்டியன் இந்நாட்டில் நிலக்கொடை வழங்கியுள்ளான். ஆகவே, அப்பட்டம் முதல் வெற்றியைக் குறித்ததேயன்றிப் போரின் முடிவைக் குறித்ததன்று.

ஈழப்படை துணைவந்தும் வெள்ளூர்ப் போரில் பாண்டியன் தோற்றான். பின்னர் ஈழம் சென்று தப்புல மன்னனை அடைந்தான். அங்கு உதவி கைகூடாமையால் முடியையும் அணிகளையும் விடுத்துச் சேரநாடு புகுந்தான் என இலங்கை வரலாற்று நூல் கூறும். அம்முடியை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் இராசேந்திர சோழன் கவர்ந்தான்.

முன்னோர் மதுரையில் சங்கம் நிறுவியதையும் பாரதத்தைத் தமிழாக்கியதையும் செப்பேடு பேசுகின்றது. நாடு நழுவும் வேளையிலும் தமிழ்ப்பணியையே தன் குலப்பெருமையாகக் கொண்ட வேந்தனைத் தோல்வி ஒன்றால் மட்டும் அளத்தல் முறையன்று.