பலாலிக்கு இறங்கும் கடைசி ஏழு நிமிஷம்

பெசன்ட் நகர்லேர்ந்து இன்னொரு எபிசோட். போன முறை போர் விமானங்களைப் பத்திப் பேசினதும் நிறைய பேர் ரஃபேல், மிராஜ்னு கேள்வி அனுப்பியிருந்தீங்க. இன்னைக்கு யாரும் போஸ்டர் ஒட்டாத ஒரு விமானத்தைப் பத்திப் பேசலாம். அரிசி, மருந்து, சிப்பாய்கள், காயம்பட்டவங்கன்னு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போற சரக்கு விமானம். போர்ல இதோட நிலைமை ரொம்ப மோசம். உருவம் பெருசு, வேகம் கம்மி, திருப்பிச் சுட ஆயுதமும் கிடையாது.

இதைப் புரிஞ்சுக்க நமக்குப் பக்கத்துலயே ஒரு இடம் இருக்கு. யாழ்ப்பாணம், பலாலி. அந்த வானத்துல மூணு வருஷங்களை எடுத்துக்கறேன்: 1987, 1995, 1998.

முதல்ல 1987. மே 26ஆம் தேதி இலங்கை ராணுவம் வடமராட்சியில பெரிய தாக்குதலைத் தொடங்குது. அங்கே இருக்கற மக்களுக்கு நிவாரணம் கொண்டுபோக ஜூன் 3ஆம் தேதி இந்தியாவிலேர்ந்து 19 படகுகள் கிளம்புது. இலங்கைக் கடற்படை வழிமறிச்சுத் திருப்பி அனுப்பிடுது. மறுநாள், ஜூன் 4, பெங்களூர்லேர்ந்து ஐந்து ஏஎன்-32 விமானங்கள் சுமார் 25 டன் பொருளோட கிளம்புது. பேரு ஆபரேஷன் பூமாலை. கூடவே பாதுகாப்புக்கு மிராஜ் 2000.

உணவுப் பொட்டலம் போட எதுக்குப் போர் விமானம்னு கேட்கலாம். பாராசூட்ல பொருளைச் சரியான இடத்துல இறக்கணும்னா சரக்கு விமானம் மூணு விஷயம் செஞ்சாகணும்: உயரத்தைக் குறைக்கணும், வேகத்தைக் குறைக்கணும், பின்கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நேர்கோட்டுல பறக்கணும். கீழே துப்பாக்கியோட நிக்கறவனுக்கு இதைவிட சுலபமான குறி கிடைக்காது. அதனால விமானம் கிளம்பறதுக்கு முன்னாடியே டெல்லியில அமைச்சர் நட்வர் சிங் இலங்கைத் தூதரைக் கூப்பிட்டு, விமானங்களைத் தடுத்தா பதிலடி இருக்கும்னு சொல்லிட்டார். அன்னைக்கு அந்த அஞ்சு விமானத்தையும் காப்பாத்தினதுல மிராஜுக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் பேச்சுக்கும் அவ்வளவு பங்கு இருக்கு. எல்லாம் பத்திரமா திரும்பி வந்துடுச்சு.

இதுல நாம மறந்துடற ஒரு விஷயம். அதே காலத்துல இலங்கை விமானப்படை, அவ்ரோ மாதிரியான போக்குவரத்து விமானங்களையே குண்டு போடவும் பயன்படுத்திச்சு. பீப்பாயில வெடிமருந்தை நிரப்பி, கதவு வழியா கீழே உருட்டி விடறது. இப்படிக் குண்டு போட்ட விமானத்துக்கு யாழ்ப்பாணத்து மக்கள் ‘சகடை’ன்னே பேரு வெச்சாங்க. சரக்கு விமானச் சத்தம் கேட்டா பதுங்குகுழிக்கு ஓடின ஊர் அது. பூமாலை அன்னைக்கு அதே மாதிரி விமானத்துலேர்ந்து அரிசி விழுந்தது.

அடுத்தது 1995. 1990லேர்ந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதி புலிகள் கையில. பலாலி தளம் ராணுவத்துக்கிட்ட. தெற்கிலேர்ந்து தரைவழி கிடையாது. எல்லாம் கடல் வழியாவோ வான் வழியாவோதான் வரணும். 1995 ஏப்ரல் 19ஆம் தேதி திருகோணமலையில ரெண்டு கடற்படைக் கப்பல்களைப் புலிகள் தகர்த்ததோட சமாதானப் பேச்சு முறிஞ்சுது. ஒன்பதே நாள்ல, ஏப்ரல் 28ஆம் தேதி பலாலிக்குப் பக்கத்துல ஒரு அவ்ரோ விழுந்தது. மறுநாள் இன்னொரு அவ்ரோ. ரெண்டுலயும் சேர்த்து 90 பேருக்கு மேல செத்துப்போனாங்க. தோள்ல வெச்சுச் சுடற ஏவுகணை இலங்கைப் போருக்குள்ள வந்துடுச்சுன்னு அந்த ரெண்டு நாள்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

எஸ்ஏ-7 ரகம், ரஷ்யப் பேரு ஸ்ட்ரெலா. ஒன்றரை மீட்டர் குழாய், மொத்தமா 15 கிலோ. ஒரு ஆள் தூக்கிக்கிட்டு பனங்காட்டுக்குள்ள நடந்து போயிடலாம். எஞ்சின் வெப்பத்தைத் தேடிப் போகும். வீச்சு சுமார் 4 கிலோமீட்டர். பழைய ரகங்கள் எட்டற உயரம் 1,500 மீட்டர்லேர்ந்து 2,300 மீட்டர் வரைக்கும்தான்.

அப்போ 6,000 மீட்டர்ல பறந்தா ஒண்ணும் ஆகாதே? ஆகாது. ஆனா விமானம் இறங்கித்தானே ஆகணும். இங்கே என் எஞ்சினியர் மூளை கணக்குப் போட ஆரம்பிச்சுடுது. சாதாரணமா ஒரு விமானம் 3 டிகிரி சரிவுல இறங்கும். நம்ம எலியட்ஸ் பீச்ல நின்னு வடக்கே பார்த்தா, கடல் பக்கமிருந்து மீனம்பாக்கத்துக்கு இறங்கற விமானம் தெரியும். கரையைத் தாண்டும்போது ரன்வேக்கு இன்னும் சுமார் 10 கிலோமீட்டர் இருக்கும். உயரம் 500, 600 மீட்டர்தான். அதே சரிவுல 1,500 மீட்டர் உயரம் எங்கே வரும்னு பார்த்தா, ரன்வேயிலேர்ந்து ஏறக்குறைய 28 கிலோமீட்டர் தள்ளி. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம்னா கிட்டத்தட்ட ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷமும் விமானம் ஏவுகணைக்கு எட்டற உயரத்துலதான் இருக்கு.

இதுக்குன்னு விமானிகள்கிட்ட சில வழிகள் உண்டு. ரன்வேக்கு நேர் மேல உயரத்துல வந்து சுருள் மாதிரி வட்டமடிச்சு இறங்கறது, விளக்கை அணைச்சுட்டு ராத்திரியில இறங்கறது, எஞ்சினைவிடச் சூடான தீப்பந்தங்களை உதிர்த்து ஏவுகணையை ஏமாத்தறது. வடகரையில இருக்கற பலாலிக்குக் கடல் பக்கமா வர்றதும் ஒரு வழி.

இன்னொரு வழி தரையில இருக்கு. சுடறவன் நிக்கற நிலத்தையே காலி பண்றது. நாலு கிலோமீட்டர் ஆரம்னா சுமார் 50 சதுர கிலோமீட்டர். அங்கே யார் இருந்தாங்க? வலிகாமம் வடக்கு மக்கள். 1990லேர்ந்தே அவங்க இடம்பெயர ஆரம்பிச்சுட்டாங்க. பின்னால அது உயர் பாதுகாப்பு வலயம் ஆச்சு. அதுக்கு விமானத்தளத்தோட பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம். செம்மண் தோட்டம், மயிலிட்டி மாதிரி மீன்பிடித் துறைமுகம், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் வேலிக்குள்ள போச்சு. போர் 2009ல முடிஞ்சும் மயிலிட்டித் துறைமுகம் 2017லதான் திரும்பக் கிடைச்சது. பக்கத்துல சில நிலங்கள் அதுக்கப்புறமும் ராணுவத்துக்கிட்டயே இருந்தது.

கடைசியா 1998. இது சிவிலியன் விமானம். செப்டம்பர் 29ஆம் தேதி லயன்ஏர் 602, ஏஎன்-24 ரகம், பலாலியிலேர்ந்து ரத்மலானைக்குக் கிளம்புது. சுமார் பத்து நிமிஷத்துல தொடர்பு போச்சு. மொத்தம் 55 பேர்; பயணிகள் தமிழர்கள். இப்படிப் பறக்கற நிறுவனங்களுக்குப் புலிகள் முன்னாடியே எச்சரிக்கை விட்டிருந்தாங்க. விமானத்தைச் சுட்டு வீழ்த்தினது அவங்கதான்னே விசாரணைகள் சொல்லுது. 2012ல இரணைதீவுக்குப் பக்கத்துல கடலடியில சிதைவு கிடைச்சது. மீட்ட துணிமணிகளை யாழ்ப்பாணத்துல காட்சிக்கு வெச்சாங்க, உறவுக்காரங்க வந்து அடையாளம் காட்டணும்னு. பதினஞ்சு வருஷம் கழிச்சு ஒரு சட்டையைப் பார்த்துத் தன் வீட்டு ஆளைத் தெரிஞ்சுக்கணும்.

பூமாலையைப் பத்தி இங்கே பெருமையா பேசுவோம், தப்பில்ல. ஆனா அதே வானத்தோட கதையை லயன்ஏர் 602ஐ விட்டுட்டுச் சொன்னா அது பாதிக் கதை. ராணுவம் சரக்கு விமானத்துல குண்டை ஏத்தினதும், புலிகள் பயணிகள் விமானத்தை இலக்கா பார்த்ததும், எது போர் விமானம் எது இல்லைங்கற கோட்டை அழிச்சுது. அந்தக் கோடு அழிஞ்சா முதல்ல அடிபடறவங்க டிக்கெட் வாங்கினவங்களும், ரன்வேக்குப் பக்கத்துல வீடு கட்டினவங்களும்தான்.

2019 அக்டோபர்ல பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாச்சு. முதல் விமானம் போனது சென்னையிலேர்ந்து. இப்போ நீங்க டிக்கெட் போட்டா, அந்த ஏழு நிமிஷத்துல சீட் பெல்ட் மாட்டச் சொல்ற அறிவிப்பு மட்டும்தான் வரும்.

அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் ஈழத்துக் குடும்பங்கள் இந்த எபிசோடைக் கேட்டீங்கன்னா, அந்தப் பயணங்களைப் பத்தி உங்க வீட்டுப் பெரியவங்க சொன்னதை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.