விசுவாசப் பரப்புச் சபை

கத்தோலிக்க மறைபரப்புப் பணிகளுக்காகப் பொதுமக்களிடம் சிறுதொகை திரட்டும் அமைப்பு. பிரான்சின் லியோன் நகரில் 1822 மே 3 அன்று முறைப்படி தொடங்கப்பட்டது. 1922 முதல் உரோமையைத் தலைமையிடமாகக் கொண்ட பாப்பிறை அமைப்பாக இயங்கிவருகிறது. இதை நிறுவியவர் அருளாளர் பவுலின் ஜாரிக்கோ (1799–1862). வாரத்துக்கு ஒரு காசு, பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர் என்று அவர் வகுத்த வசூல் முறை, திருச்சபையில் பொதுநிலையினரின் நன்கொடைக்கு ஒரு நிலையான அமைப்பைத் தந்தது.

பின்னணி

மறைபரப்புக்கு அதுவரை பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அரசர்களும் பிரபுக்களும் துறவற சபைகளும்தான். இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டது. 1789இல் வெடித்த பிரெஞ்சுப் புரட்சி திருச்சபையின் சொத்துகளைப் பறித்தது. பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையின் குருமடம் மீண்டும் திறக்கப்பட்டபோது, அங்கிருந்து சீனாவுக்கும் வியட்நாமுக்கும் புதுச்சேரிக்கும் போயிருந்த குருக்களுக்கு அனுப்பப் பணமில்லை. அமெரிக்க லூசியானாவின் ஆயர் டுபூர் 1815இல் லியோன் வழியாகச் சென்றபோது, தம் மறைமாவட்டத்துக்கு உதவும்படி அந்நகரத்தாரைக் கேட்டுக்கொண்டார். அவருக்காகச் சிலர் பணம் சேர்த்தும் வந்தனர். ஆனால், அதற்கு ஒரு ஒழுங்கு அமையவில்லை.

பவுலின் ஜாரிக்கோவும் பத்தின் அடுக்கும்

பவுலின், லியோனில் பட்டு வணிகம் செய்துவந்த வசதியான குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. நல்ல உடையிலும் நகையிலும் பிரியமாக வளர்ந்தவர். 1816 தவக்காலத்தில் புனித நிசியே ஆலயத்தில் கேட்ட ஒரு மறையுரைக்குப் பிறகு பட்டாடைகளைத் துறந்து, ஆலைப் பெண்களைப் போல எளிய உடை உடுத்தத் தொடங்கினார். அக்காள் கணவரின் பட்டாலையில் வேலைசெய்த பெண்களைச் செபத்துக்காக ஒன்றுசேர்த்தார். சபையின் முதல் நன்கொடையாளர்கள் இவர்களே. பணக்காரர் வீட்டுப் பெண் ஏழைகளிடம் கை நீட்டுவதா என்ற முணுமுணுப்பு அப்போது எழுந்தது. நாள் முழுவதும் நூல் இழைத்துக் கூலி வாங்கியவர்களிடம்தான் அந்தக் காசு முதலில் கிடைத்தது என்பதைப் பிற்கால வரலாறுகள் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன.

பாரிசில் குருமட மாணவராக இருந்த அவருடைய அண்ணன் பிலேயாஸ், மறைபரப்பாளர்களின் வறுமையைக் கடிதங்களில் எழுதிவந்தார். 1819 இலையுதிர்காலத்தில் ஓர் இரவு, வீட்டார் சீட்டாடிக்கொண்டிருக்க, கணப்பருகே அமர்ந்திருந்த பவுலினுக்குத் திட்டம் தோன்றியது என்றும், கைக்கு எட்டிய தாளில் அதை உடனே குறித்துவைத்தார் என்றும் கூறுவர். இங்கிலாந்தின் புராட்டஸ்டன்ட் சங்கங்கள் ஏற்கெனவே வாரம் ஒரு பென்னி வசூலித்துவந்தன. அச்செய்தி பிரான்சிலும் அறியப்பட்டதே. எனினும் பத்து, நூறு, ஆயிரம் என்ற அடுக்கு பவுலினுடையது.

உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு சூ, அதாவது ஐந்து சான்டீம், கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு 52 சூ; 2 பிராங்க் 60 சான்டீம். பத்துப் பேரிடம் வசூலிக்கும் பொறுப்பாளர் 26 பிராங்கை நூற்றுவர் தலைவரிடம் சேர்ப்பார். நூற்றுவர் தலைவர் 260 பிராங்கை ஆயிரவர் தலைவரிடம் சேர்ப்பார். அவரிடம் 2,600 பிராங்க் திரளும். எவரும் தமக்குத் தெரிந்த பத்துப் பேருக்கு மேல் கேட்டு அலைய வேண்டியதில்லை. கேட்பவர் பக்கத்து வீட்டுக்காரராகவோ தறிக்குப் பக்கத்தில் நிற்பவராகவோ இருப்பார் என்பதால் ஒரு வாரம் விட்டுப்போனாலும் மறுவாரம் சேர்த்து வாங்கிவிட முடிந்தது. பெருந்தொகை தருபவர் தம் விருப்பப்படி நிபந்தனை போடுவதற்கும் இம்முறையில் இடமில்லை. பணத்தோடு அன்றாடம் ஒரு பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் புனித சவேரியாரை நோக்கிய சிறு வேண்டுதலும் விதிக்கப்பட்டன.

1822 மே 3 அன்று லியோனில் குருக்களும் பொதுநிலையினருமாகச் சிலர் கூடினர். டுபூர் ஆயரின் பிரதிநிதி லூசியானாவுக்காக உதவி கேட்டு வந்திருந்தார். ஒரு நாட்டுக்கு மட்டும் அல்லாமல் எல்லா மறைபரப்புத் தளங்களுக்கும் பொதுவான சபையாக இருக்க வேண்டுமெனக் கூட்டம் முடிவு செய்தது. பவுலினின் அடுக்கையே வசூல் முறையாக ஏற்றது. இக்கூட்டத்தையே தொடக்கமாகக் கொண்டு, அதில் இருந்தவர்களை நிறுவுநர்களாகச் சொல்வோரும் உண்டு. உண்மையில் கூட்டம் தந்தது பொதுநோக்கும் பெயரும் நிர்வாகக் குழுவும்தான். முதல் ஆண்டில் கிடைத்த ஏறக்குறைய 23,000 பிராங்க் கீழைநாட்டுத் தளங்களுக்கும் லூசியானாவுக்கும் கென்டக்கிக்கும் பகிரப்பட்டது.

வளர்ச்சி

சபை மூலதன நிதி எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அந்தந்த ஆண்டின் வரவு முழுவதும் பகிர்ந்தளிக்கப்பட்டது. லியோனிலும் பாரிசிலும் இருந்த மையக் குழுக்களின் உறுப்பினர்கள் ஊதியமின்றிப் பணியாற்றினர். மறைபரப்பாளர்களின் கடிதங்களைத் தொகுத்து சபை வெளியிட்ட ஏட்டின் ஒரு படி பத்துப் பேருக்குப் பொதுவாகத் தரப்பட்டு, கைமாறி வாசிக்கப்பட்டது. தாம் போட்ட காசு எங்கே போனது என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிறர் வாசிக்கக் கேட்டு அறிந்தனர். 1840களில் இவ்வேடு பல மொழிகளில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான படிகள் அச்சாயிற்று. ஆண்டு வரவும் 30 லட்சம் பிராங்கைக் கடந்தது. உதவி வேண்டுவோர் உருக்கமாக எழுதியாக வேண்டும் என்ற நிலையும் இதனால் வந்தது. ‘அஞ்ஞானிகள்’ பற்றிய கொடூரச் சித்திரங்கள் அக்கடிதங்களில் மிகுந்திருப்பதற்கு இது ஒரு காரணம். புதுச்சேரி மறைத்தளமும், மீண்டும் நிறுவப்பட்டிருந்த இயேசு சபையார் 1830களின் இறுதியில் திரும்பத் தொடங்கிய மதுரை மறைத்தளமும் இச்சபையின் உதவியைப் பெற்றன.

திருத்தந்தை 16ஆம் கிரகோரி 1840இல் சுற்றுமடல் வழியாகச் சபையைப் பாராட்டினார். வியன்னாவில் 1829இலும் பவேரியாவில் 1838இலும் இதையொட்டிய அமைப்புகள் தோன்றின. நான்சி நகர ஆயர் ஃபோர்பன்-ஜான்சோன் பவுலினோடு கலந்து பேசியபின் 1843இல் சிறுவர்களுக்கான சபையைத் தொடங்கினார். சிறுவருக்கு மாதம் ஒரு சூ போதும் என்றார். நம் பங்குகளில் பாலர் சபை என வழங்குவது இதன் வழிவந்தது.

பவுலினின் பிற்காலம் துயரமானது. தொழிலாளர் குடும்பங்களுக்கென ஒரு முன்மாதிரி இரும்பாலை அமைக்க 1845இல் எடுத்த முயற்சியில் நம்பியவர்கள் ஏமாற்ற, மற்றவர்கள் தந்த பணமும் சேர்ந்து மூழ்கியது. உலகெங்கும் உதவிய சபை அவருக்குக் கைகொடுக்கவில்லை. கடனை அடைப்பதற்காக வீடு வீடாகக் கேட்டு நடந்து, 1862 ஜனவரி 9 அன்று வறுமையில் இறந்தார். 1963இல் வணக்கத்துக்குரியவராகவும், 2022 மே 22 அன்று லியோனில் அருளாளராகவும் அறிவிக்கப்பட்டார்.

பாப்பிறை அமைப்பு

1922 மே 3 அன்று திருத்தந்தை 11ஆம் பயஸ் சபையை உரோமைக்கு மாற்றினார். 1926இல் அக்டோபரின் கடைசிக்கு முந்தைய ஞாயிறு உலக மறைபரப்பு ஞாயிறாக நிறுவப்பட்டது. அமெரிக்கக் கிளையின் இயக்குநராக 1950 முதல் 1966 வரை இருந்த ஆயர் ஃபுல்டன் ஷீன், வானொலியையும் தொலைக்காட்சியையும் இதற்காகப் பயன்படுத்தினார். ஐந்து கண்டங்களுக்கு ஐந்து நிறமணிகள் கொண்ட செபமாலை அவரது யோசனை. பத்தின் அடுக்கு வழக்கொழிந்து, ஆலய உண்டியல் அதன் இடத்தைப் பிடித்தது.

இன்று இது நான்கு பாப்பிறை மறைபரப்பு அமைப்புகளுள் ஒன்று. தமிழகப் பங்குகள் பலவற்றில் மறைபரப்பு ஞாயிறன்று திருப்பலிக்குப்பின் வாழைத்தாரும் கோழியும் வீட்டுப் பலகாரமும் ஏலம் விடப்பட்டு, அத்தொகை காணிக்கையோடு சேர்த்து அனுப்பப்படுகிறது.