சாலை விபத்து: முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை... அதுக்கு அப்புறம் பில் யார் கட்டுறது?

விபத்தில் அடிபட்டவரை தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், கூட வந்தவங்க கையைப் பிசைவது "அட்வான்ஸ் எவ்வளவு கட்டுறீங்க?" என்ற கேள்விக்குத்தான். தமிழ்நாட்டில் பல ஆஸ்பத்திரிகளில் அந்தக் கேள்வியே வரக்கூடாது. காரணம், 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம்.

2021 டிசம்பர் 18-ம் தேதி மேல்மருவத்தூரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் இதைத் தொடங்கி வைத்தார். விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும். ஆரம்பத்தில் உச்சவரம்பு ரூ.1 லட்சம், பிறகு ரூ.2 லட்சமாக உயர்த்தப்பட்டது.

யாருக்கெல்லாம் கிடைக்கும்?

விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் போதும். காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று எதுவும் தேவையில்லை. வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவருக்கும் உண்டு. ஆனால் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியாக இருக்கணும். சொந்த வண்டியில் கொண்டுபோறவங்க வாசலிலேயே "48 திட்டம் இங்க இருக்கா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

49-வது மணி நேரத்தில்?

சிக்கலே இங்கேதான். கை, கால் முறிவு என்றால் ரெண்டு நாளில் ஓரளவு தேறிவிடலாம். தலைக்காயம் அப்படியில்லை, வாரக்கணக்கில் ஐசியூ ஆகும். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால், அந்த ஆஸ்பத்திரி அதிலும் இருக்கும்பட்சத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை தொடரலாம். அட்டை இல்லையா? அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றணும், இல்லன்னா சொந்தப் பணம். இதை ரெண்டாம் நாள் காலையிலேயே டாக்டரிடம் பேசிடுங்க. நேரம் முடிந்த பிறகு பேசினால் பில் ஓட ஆரம்பித்திருக்கும்.

மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டத்தை அறிவிக்கை செய்தது. விபத்து நாளிலிருந்து 7 நாட்கள், ஒருவருக்கு ரூ.1.5 லட்சம் வரை. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் உயிரை நிலைப்படுத்தும் சிகிச்சை மட்டுமே இதில் வரும்.

கட்டின பணம் திரும்ப வருமா?

மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் கேட்கலாம். விபத்துப் பதிவேட்டு நகல், எஃப்ஐஆர், ஒரிஜினல் பில்கள், மருந்துச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீங்க. 6 மாதத்துக்குள் மனு போடணும் என்பது சட்டம்.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எதுன்னே தெரியலைன்னா, மத்திய அரசு விதிப்படி படுகாயத்துக்கு ரூ.50 ஆயிரம், உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம். பெரிய ஆபரேஷன் ஆனவங்களுக்கு அந்த 50 ஆயிரம் எந்த மூலைக்கு என்பது வேற விஷயம். ஆனாலும் விண்ணப்பிக்காமல் விட்டுடாதீங்க.