காப்பிக்கொட்டையும் கையுரலும்

அறந்தாங்கி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் உள்ள எமது பூர்வீக இல்லத்தின் பரணில், காப்பிக்கொட்டை அரைக்கும் பழைய கை இயந்திரம் ஒன்று கிடந்தது. அதனைக் கண்ட இளைய உறவினர் ஒருவர், “தேநீர்தானே நம்மவர் பானம், இது எப்படி இங்கு வந்தது?” என வினவினார். சிறு வினாதான். எனினும் அதனுள் பெரியதொரு மறதி அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றியது.

தமிழகத்தில் காப்பி மேல்தட்டினருக்கு உரியது என்றும், தேநீர் உழைப்பாளருக்கும் முஸ்லிம்களுக்கும் உரியது என்றும் ஒரு பகுப்பு நிலவியது. காப்பியின் இச்சமூக வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி, ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ (2000) என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். ஆனால் இப்பகுப்பு அண்மைக் காலத்தது. காப்பியின் பழைய வரலாறோ வேறோரிடத்தில் தொடங்குகிறது.

15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள், இரவு வணக்கத்தில் உறக்கம் மேலிடாதிருக்கக் காப்பியை அருந்தினர். அரபியில் கொட்டைக்குப் ‘புன்னு’ என்றும் பானத்துக்குக் ‘கஹ்வா’ என்றும் பெயர். கஹ்வாவே துருக்கி வழியாக ஐரோப்பா சென்று, ஆங்கிலத்தின் வாயிலாகக் ‘காப்பி’யாகத் தமிழுக்கு வந்தது. கெய்ரோவின் அல்அஸ்ஹரில் தங்கியிருந்த யமனியர், திங்கள், வெள்ளி இரவுகளில் திக்ரு மஜ்லிஸ் கூட்டி, பெரிய செம்மண் பாத்திரத்திலிருந்து முகந்து வலப்புறமாக வரிசையாய் இதனைப் பகிர்ந்தனர். 16ஆம் நூற்றாண்டு அறிஞர் அப்துல் காதிர் அல்ஜஸீரி, காப்பி குறித்த தமது நூலில் இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார்.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. பழைய அரபியில் மதுவுக்கும் கஹ்வா என்ற பெயர் வழங்கியதால் ஐயம் வலுத்தது. ஹிஜ்ரி 917 (கி.பி. 1511)இல் மக்காவின் முஹ்தசிப் கைர் பேக், அறிஞர்களைக் கூட்டித் தடை பிறப்பித்தார், காப்பிக்கொட்டைகள் எரிக்கப்பட்டன. ஆயினும் கெய்ரோவிலிருந்து வந்த ஆணை, கூட்டங்களைக் கண்டித்ததேயன்றிப் பானத்தை முற்றாக விலக்கவில்லை. விலக்குவதற்குச் சான்று இல்லாதவரை பொருள்கள் ஆகுமானவையே என்னும் ஃபிக்ஹுச் சட்ட விதி, நாளடைவில் காப்பிக்குத் துணைநின்றது.

நம் நாட்டுக்கு இதனைக் கொணர்ந்தவராக மரபு கூறுவதும் ஒரு சூஃபியையே. 17ஆம் நூற்றாண்டில் ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பாபா புதன், ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது அச்செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

குடிக்கும் வரலாற்றைச் சொல்வோர், அரைத்த வரலாற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். அரபுப் பாலையில் கொட்டையை வாணலியில் வறுத்து, ‘நஜ்ர்’ எனப்படும் உலோக உரலில் இடிப்பர். தாளத்தோடு எழும் அவ்வோசை, ‘இங்கே விருந்துண்டு’ என அயலாருக்கு விடுக்கும் அழைப்பு. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, ஓமன், கத்தர் ஆகிய நாடுகளின் இக்காப்பி மரபை, 2015இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. துருக்கியரோ உருளை வடிவப் பித்தளைக் கைத்திருகையைக் கையாண்டனர்.

அரைப்பின் பக்குவம் காய்ச்சும் முறையைப் பொறுத்தது. மண்டியோடு பரிமாறும் துருக்கிக் காப்பிக்குத் தூள் மாவுபோல் இருத்தல் வேண்டும். ஏலக்காய் சேர்த்துக் கொதிக்க வைக்கும் அரபுக் காப்பிக்குக் கொரகொரப்பான தூள் போதும். நம் ஃபில்டருக்கு இரண்டுக்கும் இடைப்பட்டது ஏற்றது. மிக நுண்ணிதாயின் துளைகள் அடைபட்டு டிகாக்ஷன் கசக்கும். மிகப் பருமனாயின் நீர் விரைந்து இறங்கி, சாரமின்றிப் போகும்.

தூள் சீராக இருப்பது அதனினும் முக்கியம். கைத்திருகை கொட்டையைப் பற்களிடையே நசுக்குவதால் துகள்கள் ஏறத்தாழ ஓரளவாய் விழும். மிக்சியின் கத்தியோ சிலவற்றைத் தூசியாக்கி, சிலவற்றை நொய்யாக விட்டுவிடும். சூடேறி மணமும் குன்றும். மிக்சியே உள்ளவர்கள் சில விநாடிகள் ஓட்டி, நிறுத்தி, குலுக்கி, மீண்டும் ஓட்டுவது நலம். வறுத்த கொட்டை நன்கு ஆறியிருக்க வேண்டும். அரைத்த பின் காற்றுப்படும் பரப்பு பன்மடங்கு பெருகி மணம் விரைந்து அகலும். ஆதலால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டுமே அரைத்தல் தகும். கருவியில் படிந்த பழைய எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் புதுத்தூளிலும் அதன் சிக்கு வாடை ஏறும்.

கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய நம் கடற்கரை ஊர்களிலிருந்து வளைகுடா சென்று திரும்புவோர் வீடுகளில், பளபளக்கும் அரபுக் காப்பிக் கூசாக்களைக் காண்கிறோம். அவை கண்ணாடி அலமாரிகளில் காட்சிப்பொருள்களாக நிற்கின்றன. அடுக்களையிலோ கடைத்தூள் பொட்டலம். பொருளைக் கொணர்ந்தோம், அதன் பின்னிருந்த பழக்கத்தைக் கொணரவில்லை. வந்தவரை அமரவைத்து, அவர் கண்ணெதிரே வறுத்து, இடித்து, காய்ச்சித் தருவதில் செலவாகும் அரைமணி நேரமே அம்மக்களின் விருந்தோம்பல். உறவினர் வந்தால் நாம் இன்று ஒதுக்கும் நேரம் எவ்வளவு என்பதை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தப் பரண் இயந்திரம் எம் நன்னியுடையது. பெருநாள் காலைகளில் அதன் கரகரப்பைக் கேட்டே நாம் விழித்தெழுந்ததுண்டு. இப்போது அதனை இறக்கி, துருநீக்கி, பற்களுக்கு இடையிலான இடைவெளியைச் சரிசெய்துள்ளோம். வினவிய அவ்விளைஞரிடமே கைப்பிடியைக் கொடுத்தோம். முதலில் பருமனாய் விழுந்தது. திருகாணியைச் சற்றே முடுக்கியதும் சீரானது. அவர் அரைத்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டார் இருவர் வந்துவிட்டனர்.