நாகம் நம் பகையன்று: பகாங் மலைகள் கற்பிக்கும் பாடம்



சில வாரங்களுக்கு முன் நான்காம் ஆண்டு வகுப்பில் பழங்களின் பெயர்களை மலாயிலும் தமிழிலும் எழுதச் சொன்னேன். 'புவா நாகா' என்பதற்கு நேராக ஒரு மாணவி 'நாகப்பாம்புப் பழம்' என்று எழுதியிருந்தாள். வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல், "நாகா என்றால் நாகம்தானே டீச்சர்?" என்று கேட்டாள்.

சரியான கேள்வி. ஆகவே அன்று பாடத்தைச் சற்று நிறுத்திவிட்டு, அனைவரையும் ஒரு 'நாகா' வரையச் சொன்னேன். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் நெருப்புக் கக்கும் டிராகனும், அதை வாளால் குத்தும் வீரனும் இருந்தனர். கம்போங் ராஜாவின் தேயிலைச் சரிவுகளுக்கிடையே வளரும் பிள்ளைகள், தாம் வாழும் மண்ணின் நாகத்தை அறியாதிருக்கின்றனர். அதைப் பற்றிச் சொல்வதற்கே இக்கட்டுரை.

வடமொழியின் 'நாக' என்னும் சொல் தமிழில் நாகம் என வழங்குகிறது. அதே சொல் பழங்காலத்திலேயே கடல் கடந்து மலாய் மொழியில் 'நாகா' ஆயிற்று. நம்மிடம் பாம்பாக இருந்தது, இங்கே நீரிலும் நிலத்தடியிலும் வாழும் பேருருவாக வளர்ந்தது. சீனரின் 'லோங்', ஐரோப்பியரின் 'டிராகன்' ஆகிய இரண்டையும் மலாய் மொழி இன்று இந்த ஒரே சொல்லால்தான் குறிக்கிறது. வெவ்வேறு குணமுடைய உயிர்கள் ஒரே பெயருக்குள் அடைபட்டுவிட்டன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஐரோப்பியக் கதைகளில் டிராகன் பெரும்பாலும் கொல்லப்பட வேண்டிய ஒன்று. புனித ஜார்ஜ் அதைக் கொன்றே புகழ்பெற்றார். தமிழ் விவிலியத்தில் வரும் 'வலுசர்ப்பமும்' தீமையின் உருவமே. சீனரின் லோங்கோ மழை தருவது, மங்கலமானது. நம் பகாங் மாநிலத்தின் தியோமான் தீவைப் பற்றி வழங்கும் கதை இன்னும் இனியது. பயணத்தின் நடுவே இளைப்பாறத் தங்கிய ஒரு நாக இளவரசி, அவ்விடத்தின் அழகில் மயங்கி, வழிப்போக்கர்களுக்கு அடைக்கலம் தரும் தீவாகவே மாறிவிட்டாளாம். சினி ஏரியின் மக்களும் தங்கள் ஏரியில் ஸ்ரீ குமும் என்னும் நாகம் உறைவதாகச் சொல்லி வந்துள்ளனர். இக்கதைகளில் நாகத்தைக் கொல்லப் புறப்படும் வீரன் இல்லை.

பகாங், கிளந்தான், திரங்கானு காடுகளில் வாழும் பாத்தேக் பூர்வக்குடியினரின் நம்பிக்கை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. மானுடவியலர் கிர்க் எண்டிகாட் 1979இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாகப் பதிவு செய்துள்ளார். பூமிக்கு அடியில் ஒரு பெரும் நாகம் இருக்கிறது. விலங்குகளை எள்ளி நகையாடுதல் போன்ற விலக்கப்பட்ட செயல்களை மனிதர் செய்தால், மேலே இடி முழங்கும். கீழிருந்து வெள்ளம் பொங்கி, தவறு செய்தவரின் காலடி மண்ணைக் கரைத்துவிடும். நம் கேமரன் மலைப் பகுதியில் வாழும் செமாய் மக்களிடமும் இடிமழை, வெள்ளம், மண்சரிவு ஆகியவற்றை நிலத்தடி நாகத்தோடு இணைக்கும் நம்பிக்கை உண்டு.

உலகைத் தலையில் தாங்கும் ஆதிசேடனை அறிந்த நமக்கு இது அயலானதன்று. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். இங்கே மனிதன் நாகத்தை அடக்க முயல்வதில்லை, தன்னையே அடக்கிக்கொள்கிறான்.

நாகம் உண்மையில் உண்டு என்று நான் வாதிட வரவில்லை. மண்சரிவுக்கு அறிவியல் தெளிவான விளக்கம் தருகிறது. தொடர்மழையின் நீர் மண்ணின் துளைகளில் நிறைந்து, துகள்களின் பிடிமானத்தைத் தளர்த்துகிறது. மரங்களை வெட்டி, சரிவைச் செங்குத்தாகச் செதுக்கிய இடங்களில் தாங்கிப் பிடிக்க வேர்களும் இல்லை. அடியிலிருந்து நீர் மண்ணைக் கரைக்கிறது என்று பாத்தேக் முதியவர்கள் சொன்னது எவ்வளவு கூர்ந்த கவனிப்பு என்பதே என் வியப்பு.

நம் மலையின் வரலாற்றைப் பாருங்கள். வில்லியம் கேமரன் 1885இல் இப்பகுதியை ஆராய்ந்தார். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்களில் நம் முன்னோர் பெரும்பங்கினர். பின்னர்க் காய்கறித் தோட்டங்கள் பெருகின. சரிவுகள் மேலும் திறந்துவிடப்பட்டன. மேலிருந்து வந்த வண்டல் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிந்து, அதன் கொள்ளளவைக் குறைத்தது. 2013 அக்டோபரில் அணைநீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. 2014 நவம்பரில் அங்கே மீண்டும் சேற்று வெள்ளம், மீண்டும் உயிரிழப்பு.

2024 ஜனவரி 26ஆம் நாளை நாம் மறக்க இயலாது. தைப்பூசத்திற்கு மறுநாள் அதிகாலை. நம் கம்போங் ராஜாவின் புளூ வேலிப் பகுதியில் மண் சரிந்தது. காய்கறித் தோட்டங்களில் உழைத்துவந்த மியன்மார் நாட்டவர் ஐவர் புதையுண்டு மாண்டனர். அடுத்த பதினைந்தாம் நாள் சீனரின் டிராகன் ஆண்டு பிறந்தது.

இங்கேதான் பழங்கதைக்கும் நம் காலத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. கதையில், தவறு செய்தவனின் காலடி மண்ணே கரைகிறது. நம் காலத்திலோ மலையை வெட்டுவதன் ஆதாயம் ஒருவருக்கு, ஆபத்து மற்றொருவருக்கு. அந்த ஐவர் பிழைப்புத் தேடி வந்த எளிய மனிதர்கள். நூறாண்டுக்கு முன் நம் பாட்டன் பாட்டியரும் அப்படித்தான் இம்மலைக்கு வந்தனர். ஆகவே மாணவர்களிடம் இதைப் பேசும்போது, 'நாகம் தண்டித்தது' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அது மாண்டவர்மீது பழி சுமத்துவதாகிவிடும்.

நம் பழக்கத்தையும் சற்று எண்ணிப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றுகிறோம். மறுநாள் வீட்டின் பின்புறத்தில் ஒரு பாம்பு தென்பட்டால், அது என்ன பாம்பு என்றும் பாராமல் தடியெடுக்கிறோம். பாம்புக்குப் பால் உணவன்று, எலிதான் உணவு. வணங்குவதாலேயே ஓர் உயிரைப் புரிந்துகொண்டோம் என்று ஆகிவிடாது. விலகி நின்று, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, 999க்கு அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படையின் அல்லது பொதுத் தற்காப்புப் படையின் உதவியை நாடுவதே முறை. புரியாத உயிருக்கு நாம் தரக்கூடிய முதல் மரியாதை இடைவெளிதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிராகன் கதை வரும் பாடத்தில், வீரன் வென்றானா என்பதோடு நிறுத்தாமல், 'அந்த உயிர் எங்கே வாழ்ந்தது? அதன் இடத்திற்கு யார் சென்றார்?' என்றும் கேளுங்கள். பெற்றோர்களே, மழை வலுக்கும் நாள்களில், வீட்டருகே சரிவில் புதிய வெடிப்பு தெரிகிறதா, ஓடைநீர் திடீரெனக் கலங்குகிறதா என்று பார்க்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். தெரிந்தால் உடனே பெரியவர்களிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

மறுவாரம் அந்த மாணவியிடம், "நீ எழுதியது பழத்தின் பெயராகாது, ஆனால் உன் கேள்வி சரி" என்றேன். பிறகு பாத்தேக் மக்களின் நாகத்தைப் பற்றி வகுப்பில் சொன்னேன். மீண்டும் வரையச் சொன்னபோது சிலர் மலைக்கு அடியில் நாகத்தை வரைந்தனர். அவள் மலைமேல் நிறைய மரங்களையும் வரைந்திருந்தாள். "ஏனம்மா இத்தனை மரம்?" என்றேன்.

"அது தூங்கட்டும் டீச்சர்" என்றாள்.