கோதுமை விளையாத மலையும் கோதுமையின் காவலும்: ஜவ்வாது மலையை முன்வைத்து ஒரு பயிர்நோய் விவாதம்

ஜவ்வாது மலையில் கோதுமை சாகுபடிப் பயிர் அல்ல. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் விதைப்பது சாமையும் கேழ்வரகும்தான். கோதுமை இந்த மலைக்கு ரேஷன் கடை மூட்டையாகவோ மைதா, ரவை பொட்டலமாகவோ ஏறிவருகிறது. கோதுமைப் பூசண நோய் பற்றிய கட்டுரை இங்கிருந்து ஏன் தொடங்க வேண்டும் என்று கேட்பவருக்கு என் விடை இதுதான். ஒரு பயிரைத் தாக்கும் பூசணம் அந்தப் பயிரின் வயலுக்குள்ளேயே வாழ்ந்து முடிவதில்லை. கோதுமை ஆய்வின் இந்திய வரலாறு அதைத் தமிழ்நாட்டு மலைகளை வைத்தே மெய்ப்பித்திருக்கிறது. அந்த வரலாற்றில் இன்னொரு கேள்வியும் உண்டு. சமவெளியின் உணவைக் காக்கும் செலவு யார் தலையில் விழுகிறது என்ற கேள்வி அது. அதை நம் ஆய்வுலகம் போதிய அளவு கேட்கவில்லை.

கதை ஆக்ராவில் தொடங்குகிறது. ஆக்ரா கல்லூரித் தாவரவியல் பேராசிரியர் கே.சி. மேத்தா 1920களில் ஒரு புதிரைக் கையில் எடுத்தார். வட இந்தியச் சமவெளியில் ஏப்ரலில் அறுவடை முடிந்ததும் கோதுமை வயல்கள் வெறுமையாகிவிடும். மே, ஜூன் வெயிலில் துருநோயின் வித்துகள் உயிரோடு தப்ப வழியில்லை. ஆனாலும் நவம்பரில் விதைத்த பயிரில் பிப்ரவரிக்குள் துரு மீண்டும் வந்துவிடுகிறது. எங்கிருந்து? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பார்பெரி என்ற புதர் மாற்று ஓம்புயிராக நின்று பூசணத்தைக் காப்பாற்றியது. இமயமலையிலும் பார்பெரி இனங்கள் உண்டு. ஆண்டுதோறும் வரும் நோய்க்கு இங்கே அவை காரணமல்ல என்று மேத்தா பல ஆண்டு உழைப்பில் நிறுவினார். பூசணம் கோடையைக் கழிப்பது மலைகளில். வடக்கே இமயமலைச் சரிவுகள், தெற்கே நீலகிரி, பழனி மலைகள். அங்கே குளிர் உண்டு, ஆண்டின் எல்லா மாதங்களிலும் எங்காவது ஒரு துண்டு நிலத்தில் பச்சைக் கோதுமை நிற்கும், அறுவடையில் சிந்திய மணிகள் தாமாக முளைத்து நிற்கும். பூசணத்துக்கு அது போதும்.

துரு பிடித்த கோதுமைத் தாளை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தண்டின் தோல் நீளவாக்கில் வெடித்து, கிழிந்த காகித விளிம்புபோல் இருபுறமும் தூக்கி நிற்கும். வெடிப்புக்குள் செங்கல்தூள் நிறத்தில் பொடி. கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் ரேகையெல்லாம் சிவக்கும். அந்தத் தடவலில் ஒட்டியவை எண்ண முடியாத வித்துகள், ஒவ்வொன்றும் காற்றில் ஏறக்கூடியது. பயிர் முதிர முதிர அதே வெடிப்பு கருத்துப்போகும். கருந்துரு என்ற பெயர் அதனால் வந்தது.

மேத்தா இடத்தைக் காட்டினார். வழியைக் காட்டியவர்கள் எல்.எம். ஜோஷியும் எஸ். நாகராஜனும். நீலகிரிக்கும் நர்மதைக் கரைக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். இவ்வளவு தூரத்தை வித்துகள் ஒரே தாவலில் கடப்பது எப்படி? நவம்பர் வாக்கில் வங்கக் கடலில் உருவாகும் புயல்களோடு இதற்குத் தொடர்பு இருப்பதை 1970களில் அவர்கள் செயற்கைக்கோள் படங்களையும் வானிலை வரைபடங்களையும் வைத்து விளக்கினார்கள். மலையில் நோய் முற்றியிருக்க வேண்டும், புயலின் சுழற்சி அந்த மலையைத் தொட்டு வடக்கே காற்றைத் தள்ள வேண்டும், மத்திய இந்தியாவில் மழை பெய்து வித்துகளைக் கீழே இறக்க வேண்டும். இவை கூடிவந்த ஆண்டில் துரு முன்கூட்டியே தோன்றும். துருப் பூசணத்தின் பேரினப் பெயரால் ‘பக்சீனியா பாதை’ என்று அதற்குப் பெயர் வந்தது. சென்னைக்காரர் புயல் என்றால் வெள்ளத்தை நினைப்பார். அதே புயல் மத்தியப் பிரதேசத்துக் கோதுமைக்கு வித்து சுமந்து போகும் வண்டியாக இருந்திருக்கிறது. 1946-47இல் மத்திய இந்தியாவைத் தாக்கிய துருநோயில் சுமார் 20 லட்சம் டன் கோதுமை அழிந்ததாக ஆய்வு நூல்கள் பதிவு செய்கின்றன. வங்கப் பஞ்சத்தின் நினைவு ஆறாத நாடு அது.

மேத்தா நோயின் மூலத்தைக் கண்டதோடு நிற்காமல் மருந்தும் சொன்னார். தாமாக முளைக்கும் கோதுமையை அழிக்க வேண்டும், மலைகளில் சமவெளிப் பருவத்துக்கு முன்னால் விதைக்கும் பயிரைச் சில காலம் நிறுத்த வேண்டும். தர்க்கத்தில் குறையில்லை. பாலத்தை இடித்தால் பகை வராது. ஆனால் அந்தப் பாலம் ஒரு மலைக் குடும்பத்தின் தட்டு. தன் நிலத்தில் விளைவதைத் தின்று வாழ்கிறவர், தான் ஒருபோதும் காணாத நர்மதை வயலுக்காகத் தன் விதைப்பைக் கைவிட வேண்டும் என்பது அறிவியல் முடிவு மட்டும் ஆகாது. அதில் ஒரு நீதிக் கணக்கு இருக்கிறது.

நடைமுறையில் பெரிதாக நிலைத்தது வேறு வழி. 1954இல் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் குன்னூரை அடுத்த வெலிங்டனில் கோதுமைக்கான வட்டார நிலையம் ஒன்றை நிறுவியது. ஆண்டு முழுதும் கோதுமை வளரும், நோய் தானாகவே வரும் இடம். மேத்தாவுக்கு ஆபத்தாகத் தெரிந்த அதே இயல்பு, எதிர்ப்புத் திறனைச் சோதிக்கும் இயற்கைக் கூடமாக மாறியது. அக்ரோபைரான் என்ற காட்டுப் புல்லிலிருந்து வந்த, தண்டுத் துருவையும் இலைத் துருவையும் சேர்த்துத் தடுக்கும் எஸ்.ஆர்.24, எல்.ஆர்.24 மரபணுக்களை இங்கே பல இந்திய ரகங்களுக்குள் பின்கலப்பு முறையில் ஏற்றினார்கள். சப்பாத்திக்குப் பெயர்பெற்ற சி 306 ரகத்தில் அப்படி உருவான எச்.டபிள்யூ.2004, ‘அமர்’ என்ற பெயரில் மத்திய இந்தியாவுக்குப் போனது. வித்து போன அதே திசையில் விதையும் போயிற்று என்று இதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி. மலையில் விதைப்பை நிறுத்தாமல், மலையில் விதைக்கும் ரகத்தை மாற்றினால் பூசணம் அங்கே பெருகுவதும் குறையும், சமவெளியும் தப்பும். நம் வீடுகளில் உப்புமாவுக்கும் கஞ்சிக்கும் வாங்கும் சம்பா கோதுமையும் இந்த வரலாற்றில் ஒதுங்கி நிற்கவில்லை. அது சார்ந்த டைகாக்கம் இனத்தின் ‘கப்ளி’ என்ற இந்திய வகையிலிருந்துதான் எஸ்.ஆர்.14 மரபணு உலகுக்குக் கிடைத்தது.

தண்டுத் துருவில் 1999இல் அடையாளம் காணப்பட்ட உகாண்டா இனம், அதாவது யுஜி99, எஸ்.ஆர்.31 என்ற ஒற்றை மரபணுவை நம்பிய ரகங்கள் எவ்வளவு நிராதரவானவை என்று காட்டியது. வட இந்தியாவின் பெரும்பரப்பை ஆண்ட பி.பி.டபிள்யூ.343 அவற்றில் ஒன்று. யுஜி99 கென்யா, எத்தியோப்பியா, ஏமன், ஈரான் வரை வந்தது. இந்தியாவில் அது காணப்படாதபோதே மாற்று ரகங்கள் சோதிக்கப்பட்டன. முன்கூட்டிச் செய்த ஆய்வின் பலன் அது.

துருவைப் பொறுத்தவரை ஜவ்வாது மலைக்கு இந்த வரைபடத்தில் இடமில்லை. வைணு பாப்பு வானாய்வகம் நிற்கும் காவலூரின் உயரம் ஏறத்தாழ 725 மீட்டர். உதகை, கொடைக்கானல் போல ஆண்டு முழுதும் கோதுமை நிற்கும் குளிர் இங்கே இல்லை. ஆனால் கோதுமையின் இன்றைய அச்சம் துரு மட்டுமல்ல.

1985இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் கோதுமைக் கதிர்கள் பால் பிடிக்கும் முன்பே வெளுத்துப் போயின. நம் நெல் உழவருக்கு நன்றாகத் தெரிந்த குலைநோய்ப் பூசணத்தின் இன்னொரு கிளைதான் அதற்குக் காரணம். கதிர்க் காம்பில் புகுந்தால் அதற்கு மேலே மணி இல்லை. மூன்று பத்தாண்டுகள் தென் அமெரிக்காவில் அடங்கிக் கிடந்த அந்த நோய் 2016 பிப்ரவரியில் வங்கதேசத்தில் வெளிப்பட்டு, சுமார் 15,000 ஹெக்டேர் கோதுமையைத் தாக்கியது. பூசணத்தின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது அது தென் அமெரிக்க வழியில் வந்தது என்று தெரிந்தது. அடுத்து அது சாம்பியாவிலும் தோன்றியது. மேற்கு வங்க அரசு 2017இல் முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களில் கோதுமைச் சாகுபடியை நிறுத்தியது. எல்லையை ஒட்டி 5 கிலோமீட்டருக்குக் கோதுமையே கூடாது என்ற பட்டையும் வகுக்கப்பட்டது. ‘கோதுமை விடுமுறை’ என்று அதற்கு அதிகாரப் பெயர். மேத்தாவின் பழைய பரிந்துரை இன்னொரு உருவில் திரும்பி வந்தது. அவசரத்தில் அது தேவைப்பட்டிருக்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் விடுமுறை யாருக்கு? விதைக்காத உழவரின் கூலியில்லாத நாட்களுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. நிலைத்த தீர்வு இங்கும் விதையில்தான் கிடைத்தது. வங்கதேசத்தின் பாரி கோம் 33, இந்தியாவின் டி.பி.டபிள்யூ.187, டி.பி.டபிள்யூ.252, எச்.டி.3249 ஆகியவை எதிர்ப்புத் திறன் கொண்ட ரகங்களாகக் கண்டறியப்பட்டன. தடுப்பின் பெரும்பகுதி 2என்எஸ் என்ற ஒரே குரோமோசோம் துண்டைச் சார்ந்திருப்பது மட்டும் கவலைக்குரியது. எஸ்.ஆர்.31 கற்றுத்தந்த பாடம் மறக்கும் அளவுக்குப் பழையதல்ல.

இந்தப் பூசணம் கோதுமைக்கு எப்படி வந்தது என்பதில்தான் ஜவ்வாது மலையை முன்வைப்பதற்கான காரணம் இருக்கிறது. ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் யூகியோ தோசாவின் குழு 2017இல் இதை விளக்கியது. லோலியம் புல்லைத் தாக்கும் பூசணக் கிளை கோதுமையில் நுழைய முடியாதபடி ஆர்.டபிள்யூ.டி.3 என்ற மரபணு காவல் நின்றது. அந்த மரபணு இல்லாத அனாஹுவாக் போன்ற ரகங்களைப் பிரேசிலில் பரவலாக விதைத்தபோது பூசணத்துக்குக் காலூன்ற இடம் கிடைத்தது. பிறகு அதன் பக்கத்திலும் ஒரு மாற்றம் நேர்ந்து, காவல் இருந்த ரகங்களும் விழுந்தன. ஒரு புல்லின் நோய் உலகின் முதன்மைத் தானியங்களில் ஒன்றின் நோயாக மாற, ஒன்றிரண்டு மரபணுக்களின் தூரமே தேவைப்பட்டது.

கேழ்வரகின் குலைநோயும் இதே பூசண இனத்தின் ஒரு கிளைதான். இந்தியாவில் அதை முதலில் பதிவு செய்தவர் மெக்ரே, 1920இல், தஞ்சை வட்டாரத்திலிருந்து. அதற்கு நூறாண்டு ஆகிவிட்டது. வெதுவெதுப்பும் நீண்ட ஈரமும் இந்தப் பூசணத்துக்குப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேழ்வரகு கதிர்விடும் ஜவ்வாது மலை துருவுக்கு ஒவ்வாத இடம், குலைநோய்க்கு ஒத்த இடம்.

கேழ்வரகுக் கிளை கோதுமைக்குத் தாவியதாகச் சான்று எதுவும் காட்ட முடியாதபோது பணத்தையும் ஆட்களையும் இங்கே ஏன் செலவிட வேண்டும் என்று மறுப்பாளர் கேட்பார். மறுப்பு கனமானது. கேழ்வரகுக் கிளை நாளைக்கே கோதுமையில் ஏறும் என்று நான் சொல்லவில்லை, அப்படிப் பயமுறுத்தி நிதி கேட்பது ஆய்வுக்கு அழகல்ல. தாவும் என்பதால் மட்டும் கவனிக்க வேண்டும் என்றால், தாவாதவரை மலைவாசியின் கேழ்வரகுக்கு மதிப்பில்லை என்றாகிவிடும். நான் எதிர்ப்பது அந்த எண்ணத்தைத்தான். உணவுப் பாதுகாப்பு என்ற சொல்லை உண்பவர் பக்கம் நின்று படிக்க வேண்டும். 1943 வங்கப் பஞ்சத்துக்கு நெல்லின் பழுப்புப் புள்ளி நோயே காரணம் என்று எஸ்.ஒய். பத்மநாபன் 1973இல் வாதிட்டார். உணவு இருந்தது, அதை வாங்கும் உரிமை மக்களிடம் இல்லை என்று அமர்த்தியா சென் பின்னர் எழுதினார். என் வாசிப்பில் இருவரின் கேள்விகளும் ஒன்றையொன்று விலக்குவதில்லை. பூசணம் யாருடைய வயலைத் தாக்கியது என்பதோடு, அந்த வயலைத் தவிர அவருக்கு வேறென்ன இருந்தது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஜவ்வாது மலையில் அந்த வயலின் நோய்கள் இரண்டைப் பேசினால் போதும். கேழ்வரகில் குலைநோய் கழுத்தைப் பிடித்தால், கதிருக்குக் கீழே இரண்டு மூன்று அங்குலம் கருத்துச் சுருங்கும். விரல்கள் விரியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கசக்கினால் உள்ளங்கையில் நிற்பது உமியும் சாவியும்தான். சாமையின் கரிப்பூட்டை இன்னும் மறைவாக வேலை செய்யும். கதிர் தூரத்திலிருந்து நலமாகவே தெரியும். நெருங்கிப் பார்த்தால் ஆங்காங்கே சில மணிகள் மட்டும் பருத்து, மங்கிய நிறத்தில் இருக்கும். நகத்தால் கீறினால் கரித்தூள். களத்தில் அடிக்கும்போது அந்தத் தூள் நல்ல மணிகளிலும் படிகிறது. அடுத்த ஆண்டுக்கு விதையாக எடுத்துவைப்பதும் அதே குவியலிலிருந்து. வீட்டு விதையை நம்பும் மலையில் நோய் விதையோடு விதையாகக் குதிருக்குள் போகிறது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலக்கும் எளிய விதைநேர்த்தி தொடங்க வேண்டிய இடம் அந்தக் குதிரின் வாய்.

திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. ஏ.டி.எல்.1 சாமை அங்கிருந்து வந்தது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.பி.யு.28 போன்ற குலைநோய் தாங்கும் கேழ்வரகு ரகங்களும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. புதிய கட்டடம் தேவையில்லை. நீலகிரியில் கோதுமைக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்கு இங்கே சாமைக்கும் கேழ்வரகுக்கும் கிடைக்க வேண்டும்.

என் முன்மொழிவு சிறியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து துரு பிடித்த கோதுமை இலைகள் காகித உறைகளில் சிம்லாவின் பிளவர்டேல் நிலையத்துக்குப் போகின்றன. அங்கே இளம் நாற்றுகளில் ஏற்றி இன்ன இனம் என்று பார்க்கிறார்கள். அதேபோல் ஜமுனாமரத்தூர் வட்டாரத்தில் ஆண்டுதோறும் கேழ்வரகு, சாமை மற்றும் வரப்புப் புற்களிலிருந்து மாதிரி எடுத்து, பூசணத்தின் கிளையை மரபணு அளவில் அடையாளம் காண வேண்டும். கூடவே பத்துச் சென்ட்டில் ஒரு பொறிவயல். நடுவே பல கேழ்வரகு ரகங்கள், ஓரத்தில் சில வரிசை கோதுமை. அந்தக் கோதுமையில் பாதி ஆர்.டபிள்யூ.டி.3 உள்ளது, பாதி இல்லாதது. மழைக்காலத்தில் கதிர்விடும்படி விதைக்க வேண்டும். வெளியிலிருந்து எந்தப் பூசணத்தையும் கொண்டுவரக் கூடாது, மலையில் இருப்பது எதைத் தொடுகிறது என்று பார்ப்பதே வேலை. வயலுக்குச் சொந்தக்காரர் இதில் கூலியாளாக இல்லாமல் பதிவாளராக இருக்க வேண்டும். எந்த வாரம் எந்த வரிசையில் காம்பு கருத்தது என்பதை முதலில் காணப்போவது அவர் கண்தான். அந்த வயலில் எது தெரியவந்தாலும், அதற்கு விடையாக மலைக்கு வர வேண்டியது விதை. விதைக்காதே என்ற ஆணை வரக் கூடாது என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.